கடைசி வாங்கிலிருந்து பார்த்தல்

ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளர் ஒருவர் எங்களை வகுப்பின் கடைசி வாங்கில் இருத்திவிடுவார். புதிய முறையொன்று நல்லதா என்பதைச் சுற்றறிக்கை சொல்லாது, வகுப்பறைதான் சொல்லும் என்பது அவரது கொள்கை. தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோது அந்த வாங்கு ஞாபகத்துக்கு வந்தது.

நீரிழிவு நோயாளரின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, பார்வையைப் பறிக்கும் நோயைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு முறைமையொன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். ஆய்வுகூடத்தில் அது நிபுணர்களுக்கு நிகராகத் தேறியது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தின் 11 சிகிச்சை நிலையங்களுக்குச் சென்ற ஆய்வாளர்கள், படமெடுக்கும் தாதியரின் அருகிலிருந்து கவனித்தார்கள். அவர்களது கட்டுரை 2020 இல் வெளிவந்தது.

பல நிலையங்களில் இருட்டாக்கக்கூடிய அறை இல்லை. படம் தெளிவாக விழவில்லை. 1,838 படங்களில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டதை முறைமை ஏற்க மறுத்தது. விதிப்படி அவ்வாறான நோயாளி வேலையை விட்டு, வாகனம் தேடி, வேறொரு வைத்தியசாலையில் கண் நிபுணரைக் காணவேண்டும். தங்கள் கண்ணுக்கு நோயில்லை என்று தெரிந்த படங்களையும் அது தள்ளியபோது தாதியர் மனம் கசந்தனர். ஆய்வில் சேராதிருப்பதே நல்லதென்று நோயாளருக்குச் சொன்னவர்களும் உண்டு.

அது சரியா? தெளிவில்லாத படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மறுப்பது குற்றமல்ல. தெரியாததைத் தெரியாதென்பது நேர்மையே. பழைய முறையில் முடிவு வர 10 வாரங்கள்வரை செல்லலாம். தாதியின் இரக்கமே ஒருவரது நோய் வெளிப்படுவதைத் தாமதப்படுத்தியிருக்கவும் கூடும். ஆனால், இயந்திரத்தின் நேர்மைக்கு விலை கொடுத்தவர் நோயாளி. அதை அவர் முகம் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தவர் தாதி. எவ்வளவு துல்லியம் என்ற கேள்விக்குள் இவர்கள் இருவரும் வருவதில்லை. அருகிலிருந்து பார்த்ததால் ஆய்வாளர்கள் விதியை மாற்றினார்கள்: தெளிவற்ற படத்தை, மருத்துவப் பதிவுகளோடு சேர்த்து, கண் நிபுணர் முதலில் பார்ப்பார்.

நானும் அப்படியோர் இடத்தில் நின்றிருக்கிறேன். எனக்குச் சரியென்று பட்ட விடைக்கு, புள்ளித்திட்டத்தில் இல்லாததால், பூச்சியம் போட்டேன்.

"பிழையா சேர்?" என்று பிள்ளை கேட்டது.

"திட்டத்தில் இல்லை" என்றேன்.

பிள்ளை கேட்டதற்கு அது பதிலல்ல. அந்தத் தாதியருக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கவில்லை. திட்டம் வகுத்தவர்களில் எவரும் என்னருகே வந்திருந்து பார்க்கவுமில்லை. முதலாவதற்கு நானே பொறுப்பு. இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்பதை, இத்தகைய இயந்திரங்கள் எங்கள் பாடசாலைகளுக்குள் வருமுன் கேட்டுவைக்க வேண்டும்.