கட்டுச்சோறும் அபரிக்கிரகமும்

பதஞ்சலியின் யோக சாஸ்திரம் யமங்கள் என்னும் ஐந்து ஒழுக்கங்களுள் கடைசியாக வைத்த அபரிக்கிரகத்தை, அதாவது தேவைக்கு மிஞ்சி எதையும் ஏற்றுச் சேர்த்துக்கொள்ளாமையை, எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு: போகும் வழி எவ்வளவு நீளம் என்பதை அறியாதவன், இது தேவை, இது மிகுதி என்று எந்தக் கோலால் அளந்து பிரிப்பான்? 'கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?' என்று ஏளனமாகக் கேட்கும் நம் பழமொழிகூட, சோறு கட்டாமலே புறப்படு என்று சொல்லத் துணியவில்லை. இந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு வெளிச்சம் எனக்குக் கிடைத்தது உரைகாரர்களிடமிருந்து அன்று. தம் கையாலேயே விமானம் கட்டிப் பறக்கும் அமெரிக்கர்களிடமிருந்து.

நெடுந்தூரம் போக விரும்பும் இவர்கள், பக்கத்து ஆசனத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் துணை டாங்கி ஒன்றைப் பொருத்திக்கொள்வது சாதாரண வழக்கம். தோழன் அமர வேண்டிய இடத்தில் பெட்ரோல் அமர்ந்துவிடுகிறது என்பதே சற்று நின்று யோசிக்கத்தக்க செய்தி.

இவ்வழக்கத்தின் உச்சம் என்று பர்ட் ரூட்டன் வரைந்து மொஹாவே பாலைவனத்து ஊரில் ஒரு சிறு கூட்டத்தார் கட்டிய 'வாயேஜர்' விமானத்தைச் சொல்ல வேண்டும். எங்கும் இறங்காமல், நடுவானில் எரிபொருள் வாங்காமல், பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்ற ஒரே சங்கற்பத்துக்காகப் பிறந்த அந்த விமானத்தின் உடற்கூடு ஏறக்குறைய 426 கிலோதான். ஆனால் 1986 டிசம்பர் 14 காலையில், டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து அதைக் கிளப்பியபோது, அதன் மொத்த எடையான 4,397 கிலோவில் நூற்றுக்கு 72 பங்கு, 17 டாங்கிகளில் நிறைந்திருந்த பெட்ரோலாகவே இருந்தது. அந்தப் பாரத்தால் தொய்ந்த நெடிய இறக்கைகளின் நுனிகள் ஓடுபாதையில் உராய்ந்து தேய்ந்தன. நுனியிலிருந்த சிறு மடல்கள் பின்னர் பிய்ந்தே போயின. பறக்கச் செய்வதற்கென்று சேர்த்த பொருளே பறப்பதற்குத் தடையாகத் தரையோடு இழுத்ததைக் கண்டால், பரிக்கிரகத்தைப் பழித்த முனிவர்கள் பொய் சொல்லவில்லை என்று தோன்றும். எரிக்கும் பெட்ரோலில் பெரும்பங்கு மற்றப் பெட்ரோலைச் சுமப்பதற்கே செலவாயிற்று. அதோடு, சமநிலை கெடாதபடி டாங்கிக்கு டாங்கி மாற்றிக் கணக்கெழுதுவதும் அவ்விருவர்க்கும் ஓயாத ஊழியமாயிற்று. சொத்துள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ஊழியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்பது நாள், 3 நிமிஷம், 44 விநாடி கழித்து அதே தளத்தில் இறங்கியபோது மிஞ்சியிருந்தது சுமார் 48 கிலோ. இது வீண் சுமையா, போதுமான சுமையா? இறங்கிய பிறகு வீண் என்று சொல்வது எளிது. ஆனால் பிரயாணம் முடியச் சில மணி நேரமே இருந்தபோது, மெக்ஸிகோக் கரையோரத்து இருளில், டாங்கிகளில் பெட்ரோல் இருந்தும் அது வந்து சேராமையால் பின்புற இயந்திரம் நின்று, முன்புற இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் வரையில் விமானம் வெறுமனே சறுக்கிக் கீழிறங்கிய அந்தச் சில நிமிஷங்களில் அவர்களை யாரும் இக்கேள்வி கேட்டிருக்க முடியாது. மிகுதி என்பது பயணம் முடிந்த பின்னரே பிறக்கும் பெயர். வழியில் அதற்கு அப்பெயர் இல்லை.

வைத்திருத்தல் வேறு, உதவுதல் வேறு என்பதையும் அந்த இருட்டு காட்டிற்று. எந்த டாங்கிக்கும் காற்று உட்புக ஒரு சிறு குழாய் வேண்டும். அது அடைபட்டால், உள்ளே எவ்வளவு நிறைந்திருந்தாலும் சொட்டும் வெளிவராது. துணை டாங்கியிலிருந்து, முன்பே நிரம்பிய பிரதான டாங்கிக்குப் பம்பு போட்டுத் தள்ளினாலோ, அதே குழாய் வழியாகப் பெட்ரோல் வானத்தில் கொட்டிப் போகும். உலோபியின் வீட்டையும் ஊதாரியின் வீட்டையும் ஒரே குழாயில் காட்டுகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்ற முதல் சந்தேகத்துக்குத் திரும்பினால், ஜைன சமயம் யோக சாஸ்திரத்தைவிட இல்லறத்தானிடம் அதிகக் கருணை காட்டுகிறது. துறவிக்கு முழு அபரிக்கிரகத்தை மகாவிரதமாக விதித்த அது, இல்லறத்தானை இவ்வளவே வைப்பேன் என்று தானே எல்லை குறித்துக்கொள்ளும் அணுவிரதத்தோடு விட்டது. ஆகாயத்தில் போகிறவன் துறவியல்லன், இல்லறத்தானே. அவனுக்கு எல்லையைச் சட்டமும் குறித்திருக்கிறது: கண்ணால் வழி பார்த்துப் பறக்கும் சிறு விமானம், சேருமிடம் வரைக்கும் வேண்டிய பெட்ரோலுக்கு மேல், பகலில் 30 நிமிஷத்துக்கும் இரவில் 45 நிமிஷத்துக்கும் போதுமானதைக் கொண்டே புறப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. இருட்டுக்கென்று அந்தப் பதினைந்து நிமிஷத்தைக் கூட்டி எழுதியவனைப் பதஞ்சலியும் குறை கூறமாட்டார் என்றே நினைக்கிறேன்.