சொல்லாத விதி

ஏகலைவன் கதையை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். கட்டை விரல் பறிபோன கொடுமையைக் கூறும்போதெல்லாம் கேட்போர் கண்கள் சிவக்கின்றன. சிவக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதையிலே இன்னொரு கொடுமையும் உண்டு. வெட்டுண்ட விரலின் குருதியிலே அது நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. துரோணர் கேட்ட காணிக்கை, கற்றபின் கேட்கப்பட்டது, கற்குமுன் சொல்லப்படவில்லை! வேடர் குலத்து இளைஞன் வில்லெடுத்த நாளிலே, "இவ்வளவு கற்கலாம்; இதற்கு மேல் கற்றால் குற்றம்; குற்றத்துக்குத் தண்டனை இது" என்று எவரும் அவனிடம் கூறவில்லை. விதி இருந்தது, ஆனால் அது ஆசிரியரின் நெஞ்சுக்குள்ளே இருந்தது. அதை மாணவன் அறிந்துகொண்ட நேரம், அவன் விரலை இழந்த நேரம்.

கதைதானே, கதைக்கு ஏன் இத்தனை கவலை என்பர் சிலர். கதை பழையது, விதியை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு மாணவனைத் தண்டிக்கும் பழக்கம் பழையதாகிவிடவில்லை. "ஒழுங்காக எழுது" என்கிறார் ஆசிரியர். எது ஒழுங்கு? "விளக்கமாக எழுது" என்கிறார். எவ்வளவு விளக்கம்? எதை விளக்கினால் போதும்? எதை விட்டால் குறை? பிள்ளை கேட்பதில்லை. கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்ற அதட்டல் வரும் என்பது அதற்குத் தெரியும். இறுதியில் சிவப்பு மையில், இருபதுக்கு ஏழு என்று விழுகிறது. ஏழு ஏன் வந்தது, பத்து வர என்ன செய்திருக்க வேண்டும், இரண்டுக்கும் விடையில்லை. தீர்ப்பு மட்டும் உண்டு, சட்டம் இல்லை!

ஒரு செயலைச் செய்த காலத்தில் நடைமுறையில் இல்லாத சட்டத்தின்படி எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்று நம் அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவு கூறுகிறது. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அளிக்கப்படும் இந்த நியாயம், ஏழு வயதுச் சிறுவனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? மாணவனிடம் எதிர்பார்ப்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வது, நல்லாசிரியரின் கைத்திறன் மட்டும்தானா? அல்லது அது ஆசிரியர் என்பவர் ஒவ்வொருவரும் செலுத்தியே தீரவேண்டிய கடனா? கடன் என்பதே நமது கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

சொல்லாமல் விடுவது நடுநிலை என்று எண்ணுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே பலகை, ஒரே கேள்வி; இதில் யாருக்கு வஞ்சனை என்கிறார்கள். மயிலாப்பூரை எண்ணிப் பாருங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே உயர்நீதிமன்றத்தின் பெரிய வழக்கறிஞர்கள் வாழ்ந்த ஊர் அது. அந்த வீடுகளிலே, பாட்டன் படித்தவர், தந்தை படித்தவர். விடைத்தாளில் முன்னுரை எப்படி இருக்க வேண்டும், தேர்வாளர் எதைக் கண்டு மகிழ்வார், ஆசிரியர் முன் எப்போது பேசலாம், எப்போது மறுத்துப் பேசலாம், இவை அனைத்தும் உணவு வேளைப் பேச்சிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். அதே மயிலையின் கிழக்கு எல்லையிலே கடற்கரை, அங்கே நொச்சிக்குப்பம். வலை உலர்த்தும் தந்தைக்குக் காற்றின் திசை தெரியும், கடலின் ஆழம் தெரியும், மீனின் குணம் தெரியும். தேர்வாளரின் குணம் தெரியாது. தெரியவேண்டிய வாய்ப்பை இந்தச் சமுதாயம் அவருடைய பாட்டனுக்கே தரவில்லை.

இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. யாருக்கு இழப்பு? முதற்பிள்ளைக்கு இழப்பில்லை, அதன் வீடு சொல்லிவிட்டது. இரண்டாம் பிள்ளைக்கே இழப்பு. ஆகவே ஆசிரியரின் மௌனம் நடுநிலையன்று. அது, ஏற்கெனவே பெற்றவன் பக்கம் சாய்ந்த தராசு. அதற்குப் பின்னர், அந்தத் தராசு காட்டிய எடையைப் பார்த்து, "இவனுக்குத் தகுதி உண்டு, அவனுக்குத் திறமை இல்லை" என்று பேசுகிறார்கள். தகுதி என்றும் திறமை என்றும் அவர்கள் புகழ்வதில் எவ்வளவு பங்கு அறிவு, எவ்வளவு பங்கு வீட்டில் கிடைத்த இரகசியம் என்று பிரித்துப் பார்த்தவர் உண்டா?

இந்த உண்மையை நம் முன்னோடிகள் உணர்ந்திருந்தனர். டாக்டர் நடேசனார் 1910களில் திருவல்லிக்கேணியிலே திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை நிறுவினார். வெளியூர்ப் பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் தருவது அதன் வேலை. ஆனால் உறைவிடம் என்பது கூரை மட்டுமா? மூத்த மாணவன் இளையவனுக்குக் கல்லூரியின் நடைமுறையைச் சொல்லித் தரும் இடம் அல்லவா விடுதி! படித்த வீடு இல்லாத பிள்ளைகளுக்கு அவர் ஒரு படித்த வீட்டைக் கட்டித் தந்தார். இன்று தியாகராய நகரிலே அவர் பெயரால் பூங்கா இருக்கிறது; பனகல் அரசர் பெயரால் பூங்கா இருக்கிறது; டாக்டர் நாயர் பெயரால் சாலை இருக்கிறது; நகரே தியாகராயர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பட்டுப்புடவை வாங்கச் செல்வோர் அந்தப் பெயர்களைத் தாண்டி நடக்கிறார்கள். அவர்கள் போராடியது பள்ளிக் கதவு திறப்பதற்காக. கதவு திறந்தது. திறந்த கதவுக்கு உள்ளே, சொல்லாத விதி என்ற இன்னொரு கதவு இருப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அடையாற்றுக்கு வருவோம். பிரம்மஞான சங்கத்தாரின் ஆவியுலகப் பேச்சை நாம் ஏற்றதில்லை, ஏற்கப்போவதுமில்லை. எனினும் நல்லதைக் கண்டால் நல்லது என்று கூறுவதே பகுத்தறிவு. கர்னல் ஆல்காட் 1894இல், ஊர் ஒதுக்கிய மக்களின் பிள்ளைகளுக்காக அங்கே இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று, குழிகள் உள்ள மரக்கட்டை. குழிகளில் பொருந்தும் உருளைகள். ஒன்றை மாற்றி வைத்தால் கடைசி உருளைக்கு இடம் கிடைக்காது. "தவறு" என்று எவரும் அதட்ட வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். என்ன செய்யவேண்டும் என்பதும், செய்தாயிற்றா என்பதும், குழந்தையின் கண்முன்னே கிடக்கின்றன. ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நடுங்கவேண்டிய தேவை அங்கே இல்லை.

அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும், ஏழைப் பள்ளிக்கு ஆகாது என்று சொல்லவும் இடமில்லை. 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்து ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் வளர்ந்த முறை அதற்கு வழிகாட்டியது. சில ஆண்டுகளில் அது தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அதன் உயிர்நாடி என்ன? ஏணி! பாடம் முழுவதையும் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் சின்னத்தைப் பார்த்து, "நான் இந்தப் படியில் நிற்கிறேன், அடுத்த படி அது" என்று விரல் வைத்துக் காட்டும். சுவரிலே குழந்தையின் உயரத்துக்குத் தாழ்ந்த கரும்பலகை. ஆசிரியர் மட்டும் அறிந்திருந்த பாதையை, பாதையில் நடக்கவேண்டியவனிடமே ஒப்படைத்த ஏற்பாடு அது.

குறையே இல்லை என்று கூறமாட்டோம். அட்டை முடிந்ததா, குறி போட்டாயிற்றா என்று எண்ணிக்கை பார்ப்பதே வேலையாகிவிட்டால், ஏணியும் ஒரு சடங்காகிவிடும். அந்த முறை பின்னர் மாறியது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து கற்பிக்க முனைந்தது. பெயர் எதுவாயினும் ஆகுக. "நீ எங்கே நிற்கிறாய், எங்கே போகவேண்டும்" என்பதைப் பிள்ளை அறிகிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. பதிவேடு அறிந்து பிள்ளை அறியாவிட்டால் பயனில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிள்ளை கிளிப்பிள்ளை ஆகிவிடாதா, தானே தேடிக் காணும் திறன் மங்கிவிடாதா என்பர். எதிர்பார்ப்பு வேறு, விடை வேறு. "இரண்டு காரணம் கூறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று காட்டு, உன் முடிவை மறுப்பவன் என்ன சொல்வான் என்றும் எழுது" என்று சொன்னால், விடையைச் சொன்னதாகுமா? சிந்திக்கவேண்டிய பாதையை அல்லவா சொன்னதாகும்! மனப்பாடம் எங்கே பிறக்கிறது? எதைக் கேட்பார்கள் என்று அறியாத அச்சத்திலே பிறக்கிறது. எது வேண்டும் என்று தெரியாதவன், எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறான். தெளிவின்மையை விதைத்துவிட்டு, மனப்பாடம் முளைத்ததே என்று புலம்புவதில் பொருளில்லை. ஏணி வைப்பதால் மாடியின் உயரம் குறைந்துவிடுவதும் இல்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தெளிவாகச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது! சாதியைப் போலத் தன் எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொன்ன அமைப்பு எது? நீ இன்ன தொழில் செய், இன்ன தெருவில் நட, இன்ன இடத்தில் நில் என்று பிறக்கும்போதே சொல்லிவிட்டது. 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் குழப்பமில்லாதது. சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழில். நீ யாராக வேண்டும் என்பதை அத்திட்டம் தெள்ளத் தெளிவாக அறிவித்தது: உன் தந்தை யாரோ அவராகவே! பெரியாரும் கழகங்களும் எதிர்த்து நின்றனர்; நாடு கொதித்தது; 1954இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியாயின், நல்ல எதிர்பார்ப்புக்கும் கெட்ட எதிர்பார்ப்புக்கும் வேறுபாடு என்ன? சாதி, நீ நிற்கவேண்டிய இடத்தைச் சொல்கிறது. பள்ளி, நீ போகக்கூடிய வழியைச் சொல்ல வேண்டும். சாதியின் விதி ஆளுக்கொன்று; பள்ளியின் விதி அனைவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சாதியின் விதியை "ஏன்?" என்று கேட்டால் பாவம், பள்ளியின் விதியை "ஏன்?" என்று கேட்பதே பாடத்தின் முதற்பகுதியாக இருத்தல் வேண்டும். முன்கூட்டிச் சொல்லுதல், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுதல், எட்டும் வழியையும் சேர்த்துச் சொல்லுதல், கேள்விக்கு இடம் வைத்துச் சொல்லுதல் என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது கல்வி. ஒன்று குறைந்தாலும் அது கட்டளை.

இந்த உரைகல்லில் அண்மைக் கால நிகழ்ச்சியொன்றை உரைத்துப் பாருங்கள். தமிழகத்தில் 2007இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வாயில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. 2016இல் நீட்டிலிருந்து ஓராண்டு விலக்கு. 2017 பிப்ரவரியில் சட்டமன்றம் விலக்குக் கோரி மசோதாக்களை நிறைவேற்றியது. மே 7இல் தேர்வு நடந்தது. உண்டா, இல்லையா என்ற ஊசலாட்டம் ஆகஸ்ட் 22 வரை நீடித்தது. நீட் மதிப்பெண்படியே சேர்க்கை என்று அன்றுதான் உச்சநீதிமன்றத்தில் முடிவாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பாதையைக் காட்டிவிட்டு, வாயிலை வேறு திசையில் திறந்தார்கள்! பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டியவன் அந்தத் திசையை அறிந்திருந்தான். கூலி வேலை செய்வோரின் பிள்ளை அறியவில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. காயத்துக்கு மருந்து அது. காயம் எப்படி உண்டாயிற்று? கட்டை விரலைக் கேட்டவர்களின் பழைய முறையிலேதான்: விதியைக் கடைசியில் சொல்லும் முறையிலே!

தோழர்களே! அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம், வாதாடுவோம். ஆனால் நம் கையிலே உள்ள வேலை ஒன்று உண்டு. குப்பங்களிலும் சேரிகளிலும் மாலை நேர வகுப்பு நடத்தும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். பாடத்தைத் தொடங்குமுன், இன்று இதைக் கற்கப்போகிறோம், இதற்காகக் கற்கிறோம், கற்றாயிற்று என்பதற்கு அடையாளம் இது என்று மூன்று வரிகளைப் பலகையில் எழுதுங்கள். நல்ல விடை ஒன்றையும் குறையுள்ள விடை ஒன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, வேறுபாட்டைப் பிள்ளைகளையே கூறச் சொல்லுங்கள். மதிப்பெண் போட்டால், அது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த மூன்று வரிகளை எதிர்த்து ஒரு சிறுமி, "இதை ஏன் கற்கவேண்டும்?" என்று கேட்டால், அதட்டாதீர்கள். அவளுக்கு விடை சொல்லுங்கள். சொல்ல விடை இல்லையென்றால், பலகையிலிருந்து அந்த வரியை அழித்துவிட்டு, வேறு வரி எழுதுங்கள்.