பழுது சொல்லுதல்

தெரிந்தவன் தெரியாதவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? இந்தக் கேள்வி நம்மிடையே தனியாக நின்று நான் பார்த்ததில்லை. குரு, சிஷ்யன், வித்யாதானம் என்று ஜரிகை போர்த்திக்கொண்டுதான் வரும். போர்வையை விலக்கினால் உள்ளே ஆள் இருக்கமாட்டான். ஆளை நான் பார்த்தது திருவல்லிக்கேணி நடைபாதையில் எடைக்கு வாங்கிய ஒரு கட்டில். எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பழுதுபார்க்கும் குறிப்புகளும், ஒரு ஒர்க்ஷாப் கையேடும் அதில் இருந்தன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எம்.ஜி.பி.யை நேரில் பார்த்ததும் கிடையாது. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன், உரைநடை எங்கே கிடைத்தாலும் மேய்கிறவன் என்ற ஒரே தகுதியில் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டைப் பிரித்தேன். மூன்று மாதமாக அதைவிட்டு வெளியே வர முடியவில்லை.

ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962லிருந்து 1980வரை அந்தக் காரைச் செய்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல். 1798 சி.சி. எஞ்சின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், மேலே துணிக்கூரை. சீமான்களின் வண்டியில்லை; மாதச் சம்பளக்காரன் கொஞ்சம் முட்டிமோதினால் வாங்கிவிடலாம் என்றிருந்த வண்டி. 1980 அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். செய்தவன் போய்விட்டான், செய்த பொருள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? பக்கத்து ஊரில் அதே வண்டியை வைத்திருப்பவனைத்தான். எம்.ஜி. கார் கிளப் 1930லேயே தொடங்கியது, ஓனர்ஸ் கிளப் என்ற இன்னொன்று 1973ல். ஆனால் தொழிற்சாலை மூடியபிறகு இந்தச் சங்கங்களுக்கு வந்து சேர்ந்த பொறுப்பு, பொழுதுபோக்குச் சங்கம் எதுவும் விரும்பிக் கேட்டு வாங்கக்கூடியதில்லை என்று எனக்குப் படுகிறது.

கையேட்டின் குரலையும் வண்டிக்காரர்களின் குரலையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வித்தியாசம் காதில் விழும். கையேடு எதையும் கழற்றச் சொல்லித்தரும். பிறகு, கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் பொருத்தியாகிவிடும் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளும். அதன் உலகத்தில் காலம் இருபக்கமும் ஓடும். போல்ட் துருவேறி முறிவதில்லை, ஸ்பானர் வழுக்கி விரலெலும்பு பெயர்வதில்லை. வண்டிக்காரன் குறிப்போ எப்போதும் ஒரு முறிவில்தான் ஆரம்பிக்கிறது. நான் இதை இப்படிச் செய்தேன், உடைந்தது. நீ முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவை, அப்புறமும் அசையாவிட்டால் சுடவைத்துப் பார், பலத்தைக் காட்டாதே. அறிவு அங்கே தோல்வியின் வாக்குமூலமாக வருகிறது. கையேட்டுக்கு வெட்கம் கிடையாது, அதனாலேயே அதற்குச் சொல்ல விஷயமும் குறைவு.

பெட்ரோல் பம்ப் பற்றி ஒரு குறிப்பு. எஸ்.யு. பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. உள்ளே இரண்டு தொடுமுனைகள் சேர்ந்து பிரிந்து சேர்ந்து பிரிந்து டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். வண்டி சில வாரம் சும்மா நின்றால் அந்த முனைகளில் களிம்பேறிவிடும், சாவியைத் திருப்பினால் சத்தம் வராது. இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பம்பின் மேல் ஒரு தட்டு தட்டினால் மறுபடி உயிர் வரும். எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் இதைச் சொல்லித்தருகிற நல்ல குறிப்புக்காரன் தட்டுவது பற்றி ஒரு வரியும், முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, தேய்ந்திருந்தால் மாற்றுவது பற்றி ஒரு பக்கமும் எழுதுகிறான். தட்டினால் வீடு போய்ச் சேரலாம். ஆனால் தட்டக் கற்றவன் அப்புறம் கழற்றிப் பார்ப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உதவியே பழுதை நீட்டித்துவிடலாம் என்ற இந்தக் கவலையை நம் பத்திரிகைகளில் ஆலோசனை வழங்குகிற எவரிடமும் நான் கண்டதில்லை.

சொல்ல முடியாததும் உண்டு. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை முதலில் ஒன்றின் வாயிலும் பிறகு மற்றதன் வாயிலும் பிடித்து, இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்பவேண்டும். எழுதிவிடலாம், நானே எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றாகிவிட்டது என்று எந்தக் காது சொல்லும்? மைக்கேல் பொலான்யி இப்படிச் சொல்லுக்குள் அடங்காத அறிவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்; நம் கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு அவர் தேவையில்லை, தம்பூரா சேர்க்கிறவரைப் பார்த்தால் போதும். குறிப்புக்காரர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: ஒரு சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து கேட்போம். எழுத்து தன் எல்லையை ஒப்புக்கொண்டு விலகி நிற்கிற இடம் அது. விமர்சனத்தில் இதற்கு இணையான வாக்கியத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

சரி, துருவுக்கு வருகிறேன். என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்துவந்தது அதுதான்.

எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தகட்டு உடம்பே அதன் எலும்பு. கூரையும் துணியானதால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை முக்கியமாகக் கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடுகிற பெட்டிபோன்ற அமைப்புகள். சில் என்கிறார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவே ஒரு தடுப்புத் தகடு. முன்சக்கரம் வாரியடிக்கிற சேறு உள்ளே தங்கி, ஈரம் பிடித்து, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்படிப்பட்ட வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவின் இடுக்கு நெருங்கிக் கதவு சிக்கிக்கொள்ளும். வண்டி இடுப்பொடிந்து தொங்குகிறது என்று அர்த்தம். சரிசெய்ய வேண்டுமானால் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்து இறுக்கிக்கொண்டு, அழுகியதையெல்லாம் வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். கம்பி வைக்காமல் வெட்டினால் உடம்பு அமிழ்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் ஜன்மத்துக்கும் சேராது. இதைச் சொல்கிற குறிப்புகளில் சொந்த அனுபவத்தின் வலி இருக்கிறது.

வேறு வழியும் இருக்கிறது. அழுகியதன் மேலேயே ஒரு புதுத் தகட்டைப் போர்த்தி, ஓட்டைகளில் பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அடியில் தாரை அப்பி விற்றுவிடலாம். வாங்குகிறவன் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ, சில்லின் நீளத்துக்கு நகர்த்து, எங்கே ஒட்டவில்லையோ அங்கே இரும்பு இல்லை, பட்டி. இந்தச் சோதனையை எழுதியவர்களுக்கு எந்த இடத்தில் எப்படிப் பட்டி போடுவார்கள் என்பது எப்படித் தெரிந்தது? சிலராவது போட்டிருப்பார்கள். மறைக்கத் தெரிந்தவனுக்கும் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கும் கையில் இருப்பது ஒரே அறிவு. அறிவே நன்மை என்று கிரேக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு சமாதானம் இருக்கிறதே, அது இந்தக் கதவுக்குக் கீழே வந்ததும் பொத்தல் விழுகிறது.

தத்துவம் படித்த நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே தீசியஸின் கப்பலில் ஏறிவிட்டார். ஒவ்வொரு பலகையாக மாற்றினால் அதே கப்பலா? ஹாப்ஸ் இன்னொரு முடிச்சும் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? வண்டிக்காரர்களுக்கு இது விளையாட்டில்லை. 1988லிருந்து எம்.ஜி.பி.யின் முழு உடம்பையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். துருப்பிடித்த உடம்பைப் போட்டுவிட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் புது உடம்புக்கு மாற்றலாம். அது 1965ல் பதிவான அதே வண்டியா? பிரிட்டிஷ் உரிம அலுவலகம் பல வருஷங்கள் இதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருந்தது. உடம்புக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. எட்டு வந்தால் பழைய நம்பர் நிலைக்கும். தயாரிப்பாளரிடமிருந்து அதே மாதிரியில் வந்த புது உடம்புக்கும் அந்த ஐந்து உண்டு. சுயம் என்ற பிரச்னையைக் கூட்டிக் கழித்துத் தீர்த்த இந்தக் குமாஸ்தா மூளைமேல், சக குமாஸ்தா என்ற முறையில், எனக்கு மரியாதை உண்டு.

நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருஷமும் லெமான் பந்தயத்தில் வென்ற ஒரு பென்ட்லி, ஓல்ட் நம்பர் ஒன் என்று பெயர். பிறகு மாற்றி மாற்றிக் கட்டப்பட்டு, 1932ல் புரூக்லண்ட்ஸில் விபத்துக்குள்ளாகி, மறுபடி கட்டப்பட்டு வந்தது. ஒரு கோடி பவுனுக்குப் பேரம் முடிந்து, வாங்க ஒப்புக்கொண்டவர்கள் இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்க, 1990ல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பந்தயத்தில் ஓடிய இரும்பு அதில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. ஆனாலும் மாறுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் அறுபடாமல் நடந்தவை, எனவே அந்தப் பெயர் அதற்கு உரியதுதான் என்பது அவர் முடிவு.

நண்பருக்கு இதில் ஏக குஷி. எனக்கென்னவோ அவர் தப்பான கேள்வியில் உட்கார்ந்திருப்பதாகப் பட்டது. அதே வண்டியா இல்லையா என்பதால் யாருடைய கால் எலும்பும் முறியாது. எதை மாற்றினாய், எதை மாற்றாமல் மூடினாய் என்பதைச் சொன்னாயா என்பதுதான் கேள்வி. முழுக்கப் புது உடம்பு போட்டுவிட்டுப் புது உடம்பு என்று சொல்லி விற்பவன் பொய்யன் அல்ல. ஒரு அங்குலம்கூட மாற்றாத அசல் வண்டியை, அதன் அசல் துருவின் மேல் பட்டி பூசி, எல்லாம் ஒரிஜினல் என்று விற்கிறவனுக்குத் தீசியஸ் தேவைப்படமாட்டார்.

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் போனால் நானும் கையேட்டுக் குரலில்தான் பேசியிருப்பேன். அப்பா இறந்தபிறகு அவருடைய பழைய ஸ்கூட்டர் இரண்டு வருஷம் வாசலில் நின்றது. அதற்கும் தகட்டு உடம்பே எலும்பு. கால் வைக்கிற பலகைக்கு அடியில் நடுமுதுகு துருவேறி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. மெக்கானிக், "பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுருவோம் சார், மேட்டைப் போட்டு மூடுனா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். ஆயிரத்து இருநூறு ரூபாய் செலவு. வீடுவீடாகப் பால் ஊற்றுகிற ஒரு பையன் வந்து, இரண்டு முறை உதைத்து, ஸ்டார்ட் ஆனதில் சந்தோஷப்பட்டு ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டான். அவன் எதுவும் கேட்கவில்லை. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பல மாதம் நிம்மதியாக இருந்தேன். அதே மாதங்களில் ஒரு நண்பரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அதிலும் எங்கே அழுகியிருந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேலேதான் என் நல்ல வாக்கியங்களைத் தேர்ந்து வைத்தேன். இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப்பேர் அந்த மதிப்புரையைப் பாராட்டினார்கள். மீதிப்பேர் பேசவில்லை. அவர்களிடம் காந்தம் இருந்திருக்கும்.

அந்தப் பையன் எங்கள் கிளையில்தான் கணக்கு வைத்திருக்கிறான். பால் சங்கத்துப் பணம் வரும் நாட்களில் பாஸ்புக்கை நீட்டுவான். போன வாரம் வந்தபோது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"சூப்பரா ஓடுது சார். ரெண்டு கேன் வச்சா மட்டும் அடியில கிறீச்சுனு ஒரு சத்தம். காலையில பாப்பாவையும் அதுலதான் ஸ்கூல்ல விடுறேன்."

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "தம்பி, மேட்டை எடுத்துட்டு ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா உடனே ஒரு நல்ல வெல்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் பாப்பாவை ஏத்தாதீங்க," என்றேன்.

அவன் பாஸ்புக்கை வாங்காமல் என்னையே பார்த்தான். "எந்த இடத்துல சார்?" என்றான்.

நான் இடத்தைச் சொன்னேன்.