256-ஆம் லெவல்

பேக்-மேன் விளையாட்டில் 256-ஆம் லெவலை யாராலும் முடிக்க முடியாது. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்து 1980-இல் வந்த விளையாட்டு அது. லெவல் எண்ணை ஒரே ஒரு பைட்டில் வைத்திருந்தார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். திரையின் அடியில் லெவலுக்கு ஏற்றபடி பழங்களை வரைகிற சின்ன நிரல் அந்தப் பூஜ்யத்தில் இடறி, ஏழு பழங்களோடு நிற்க வேண்டியது 256 தடவை வரைந்து தள்ளுகிறது. திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் சிதறிக் கிடக்கும். லெவலை முடிக்கத் தேவையான புள்ளிகள் அங்கே இருக்காது.

இது பிறவிக் கோளாறு. காலம் செய்கிற கோளாறு வேறு. நாற்பது வருஷம் தாண்டிய அந்த சர்க்யூட் போர்டுகளில் மெமரி சிப்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றிப் பொருத்தி உயிரூட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. புது சிப்பை எழுதும்போது அந்தப் பிறவிக் கோளாறையும் சேர்த்துத்தான் எழுத வேண்டுமா?

ரேம் சிப்பில் இந்தச் சிக்கலே இல்லை. பேக்-மேன் போர்டில் இருப்பவை 2114 வகை. ஒவ்வொன்றிலும் 1024 இடங்கள், இடத்துக்கு நாலு பிட். இரண்டு சிப் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஒன்று கெட்டால் பைட்டில் பாதி பொய் சொல்லும், திரையில் சம்பந்தமில்லாத உருவங்கள் வரும். சந்தேகப்படும் சிப்பின் முதுகில் நல்ல சிப் ஒன்றை ஏற்றி வைத்துப் பார்ப்பார்கள். குற்றவாளி தெரிந்ததும் அதன் கால்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுவார்கள். முழு சிப்பையும் பிடுங்கப் போனால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். செத்த சிப்புக்காக உயிருள்ள போர்டைக் காவு கொடுக்கக் கூடாது, இல்லையா? அந்த இடத்தில் ஒரு சாக்கெட், அதில் புது சிப். முடிந்தது. அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற சிப் அது. அன்றைக்கு எடுத்த அதிகபட்ச ஸ்கோர்கூட ராத்திரி ஸ்விட்ச்சோடு போய்விடும். மாற்றியதால் இழந்தது எதுவும் இல்லை.

ஈப்ராம் அப்படியில்லை. அதன் நினைவு என்பது சிப்புக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். வருஷக்கணக்கில் அவை மெல்லக் கசியும். மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியே புற ஊதாக் கதிர் விழுந்தால் மொத்தமாக அழியும். அதனால்தான் ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது செத்துவிட்டால் உள்ளே இருந்ததை வேறெங்கிருந்தாவதுதான் வாங்க வேண்டும். 1997-இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் திட்டத்தில், ஒவ்வொரு போர்டின் ஒவ்வொரு சிப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண் பதிவாகியிருக்கிறது. ஒரு பிட் மாறினாலும் எண் ஒத்துப்போகாது.

பேக்-மேனின் மொத்த நிரலும் 16 கிலோபைட்தான். அதில் சில பைட்டுகளை மாற்றினால் 256-ஆம் லெவல் சரியாகிவிடும். எழுதும் கருவி கையில் இருக்கிறது. "தெரிஞ்சிருந்தா அவங்களே சரி பண்ணியிருப்பாங்கல்ல?" என்று மனசு கேட்கும். நியாயமான வாதம்தான். நானும் ஒரு காலத்தில் அதை நம்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய நிரலில் பைசாவை முழு ரூபாயாக்கும் இடத்தில் தவறு இருந்ததைக் கண்டுபிடித்தேன். மாசாந்திர அறிக்கையில் கூட்டுத்தொகை சில ரூபாய் குறைந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை, ஒரே வரியில் திருத்தினேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த மாசம் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்தார். "தம்பி, வழக்கமா வர்ற வித்தியாசம் இந்தத் தடவை வரலையே, எதாவது மாத்தினீங்களா?" அந்த வித்தியாசத்தை அவர்கள் வருஷக்கணக்கில் கையால் சேர்த்துவந்திருக்கிறார்கள். என் திருத்தத்துக்குமேல் அவர்களும் சேர்த்ததில், சரியாக இருந்த கணக்கு தப்பாகிவிட்டது. கோளாறைச் சுற்றி மனிதர்கள் ஒரு வாழ்க்கையைக் கட்டியிருந்தார்கள். நான் கோளாறை மட்டும்தான் பார்த்தேன்.

பேக்-மேனிலும் அப்படித்தான். குறையே இல்லாத ஆட்டத்தின் ஸ்கோர் 33,33,360 என்பார்கள். அந்த எண்ணுக்குள் 256-ஆம் லெவலின் சிதைந்த பாதியில் ஒளிந்திருக்கும் ஒன்பது புள்ளிகளும் அடக்கம். உயிர் போய் மீளும் ஒவ்வொரு முறையும் அவை மறுபடி முளைக்கும், ஆடுகிறவர்கள் அதையும் பொறுக்கியெடுப்பார்கள். கோளாறைத் திருத்தினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றும் உண்டு. இளஞ்சிவப்புப் பேய், பேக்-மேனுக்கு நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். பேக்-மேன் மேலே பார்த்து நின்றால் மட்டும், கணக்கு வழிந்து, குறி இடப்பக்கமும் நாலு கட்டம் தள்ளிப்போகும். ஆடிப் பழகியவர்கள் இதை வைத்தே அந்தப் பேயை ஏமாற்றுவார்கள். செய்தவரின் தவறு ஆடுகிறவரின் வித்தையாகிவிட்டது. இனி அது செய்தவருக்கு மட்டும் சொந்தமில்லை.

அப்படியென்றால் நாள்பட்ட தவறெல்லாம் புனிதமா? இல்லை. "ரொம்ப நாளா இப்படித்தான்" என்பது நம் ஊரில் எத்தனை அநியாயத்துக்குச் சாக்கு என்பது நமக்குத் தெரியும். ஓய்வூதியக் கணக்கில் ஒருவருக்கு மாசம் பத்து ரூபாய் குறைகிறதென்றால், அது எத்தனை வருஷம் பழையது என்று யாரும் பார்க்கக் கூடாது. இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இந்தத் தவறை நம்பி யார் இருக்கிறார்கள்? இந்தத் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? பேக்-மேனில் விலை கொடுப்பது ஒரு பேய் மட்டும்தான். என் அலுவலகத்தில் இரண்டு கேள்விகளுக்குமே பதில் அந்த அம்மாவிடம் இருந்தது. மாசாமாசம் கையால் கணக்குப் போட்ட அவருக்கு அந்தத் தவறு போவதில் சந்தோஷம்தான் இருந்திருக்கும். நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலம் கெடுத்ததைச் சரிசெய்யப் பழுதுபார்ப்பவருக்கு யார் அனுமதியும் வேண்டாம். செய்தவர் விட்ட தவறில் கை வைக்க, அதோடு வாழ்ந்தவர்களைக் கேட்க வேண்டும். திருத்திய ஆட்டம் வேண்டுமென்றால் தனி சிப்பில் எழுதலாம், ஸ்டிக்கரில் 'திருத்தியது' என்று பட்டவர்த்தனமாகப் போட்டுவிட்டு.

நல்ல ரிப்பேர்காரர்கள் கழற்றிய பழைய சிப்பை ஒரு சின்ன கவரில் போட்டு, தேதி எழுதி, கேபினெட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். புது சிப்பை எழுதி, சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உள்ளே அந்தத் தவறு பத்திரமாக இருக்கும்.