இன்றே பிரித்து வையுங்கள்!

கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் லேத்தடியில் நிற்கும் சகோதரர்களே! முனை மழுங்கிய கார்பைடு டிப்பைக் கழற்றி இரும்புச் சுருளோடு வீசுகிறோமே, எதை வீசுகிறோம் என்று எண்ணினோமா? பாறையில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத டங்ஸ்டன், அந்தச் சின்னத் துண்டில் முக்கால் பங்குக்கும் மேல் இருக்கிறது. அதைப் பிணைத்து நிற்கும் கோபால்ட்டுக்காகக் காங்கோவில் சிறுவர்களும் குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் வியர்வையைக் காயலான் கடையில் இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது அடுக்குமா?

காலம் குறுகிவிட்டது. ராஜஸ்தானின் டேகானா டங்ஸ்டன் சுரங்கம் மூடிப் பல ஆண்டுகளாயின. உலக டங்ஸ்டனில் பெரும்பகுதியைத் தோண்டும் சீனா, 2025 பிப்ரவரியில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அப்போதே விழித்திருக்க வேண்டாமா? அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் நம் பட்டறைக்கு வந்து குனிந்து டிப் பொறுக்காது. நாம்தான் பொறுக்க வேண்டும்.

இரும்போடு உலைக்குப் போன டிப் போனதுதான். தனியே வைத்ததற்கு மறுபிறப்பு உண்டு. 900 டிகிரிக்கு மேல் உருகிய துத்தநாகம் கோபால்ட்டுக்குள் புகுந்து துண்டை உப்ப வைக்கும். பின் வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்தால், எளிதில் நொறுங்கும் கட்டி மிஞ்சும். அதைப் பொடித்தால் மறுபடி டிப் செய்யலாம். ஆனால் இந்த முறை அழுக்கைக் கழுவாது. உள்ளே போட்டதுதான் வெளியே வரும். எடை கூட்ட இரும்புத் துண்டைக் கலக்கிறவரே, பித்தளை ஒட்டிய பழைய டூலை அடியில் மறைக்கிறவரே, உம் கைப்பிடிக் கள்ளம் ஒரு உலைப் பொடியையே கெடுக்கும். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீர். பார்த்தும் பேசாதிருந்தால் நாங்களும்தான்.

கிரைண்டிங் தூளைச் சாக்கடையில் கழுவி விடாதீர்கள். அதுவும் டங்ஸ்டன், அதுவும் கோபால்ட். மூச்சில் போனால் நுரையீரலை அரிக்கும். ஈரமாகவே அள்ளி மூடி வையுங்கள். வேலை பழகும் பையனை வெறும் முகத்தோடு சாணைக்கல் முன்னே நிறுத்தாதீர்கள்.

அடுத்த வாரம் என்பீர்கள், ஆயுத பூஜைக்குப் பட்டறை கழுவும்போது என்பீர்கள். வேண்டாம். இன்று ஷட்டர் இறக்குமுன் லேத்துக்கு ஒரு டப்பா வையுங்கள். ரசீது தருகிறவருக்கே விற்றுவிடுங்கள். வரும் காசில் அந்தப் பையனுக்கு ஒரு நல்ல முகக்கவசம் வாங்குங்கள்.