சுவாமிக்கு ஆசனம்... நமக்கு?

சேலம் பக்கத்து ஆட்டையாம்பட்டி என்றாலே முறுக்குதான் ஞாபகத்துக்கு வரும். மாவைப் பிசைந்து, தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சுற்றிச் சுற்றி வைக்கிற வேலை. எழுந்திருக்கும்போது இடுப்பு 'அம்மாடி!' என்று முனகும். நகரத்தில் இருக்கும் நமக்கு முறுக்குக்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் தொட்டியும் அடுப்படியும். இடுப்பு மட்டும் அதே இடுப்புதான்!

'தினமும் கொஞ்ச நேரம் கை, காலை நீட்டி மடக்குங்கம்மா' என்று டாக்டர் சொன்னால், பல சகோதரிகளின் பதில் என்ன தெரியுமா? 'அந்த நேரத்துல ரெண்டு ஸ்லோகம் சொல்லிடலாமே!'

உடம்பைக் கவனிப்பது சுயநலமா? பக்தியிடமிருந்து திருடுகிற நேரமா?

ஆட்டையாம்பட்டியிலிருந்து அதிக தூரமில்லாத திருச்செங்கோட்டில், சுமார் 1,200 படி ஏறினால் அர்த்தநாரீஸ்வரர் தரிசனம். அம்மையும் அப்பனும் ஒரே உடம்பில்! அந்தத் திருக்கோலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பிருங்கி முனிவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈசனை மட்டுமே வலம் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அம்பிகை ஐயனை ஒட்டி அமர்ந்தபோதும், வண்டாக மாறி நடுவே புகுந்து சுற்றினார். அம்பிகை தன் சக்தியை விலக்கிக்கொள்ள, சதையும் ரத்தமும் வற்றித் தள்ளாடினார். ஈசன் மூன்றாவது கால் தந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அம்பிகையின் பெருமைக்காகச் சொல்லும் கதைதான். ஆனால், கவனியுங்கள்... முனிவருக்குப் பக்தியில் துளியும் குறையில்லை, நிற்கத்தான் தெம்பில்லை! உடம்பும் அம்பிகை தந்ததுதானே? திருமூலரும் முதலில் உடம்பை இழிவாக நினைத்து, உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபிறகு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார்.

பூஜையில் சுவாமிக்கு முதலில் ஆசனம் சமர்ப்பிக்கிறோம். அதற்கும் முன்னால் இடத்தைத் துடைத்துக் கோலம் போடுகிறோம். நம் உடம்புக்கு மட்டும் ஏன் அவசரம்?

பதஞ்சலி முனிவரின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முன்னால் இருப்பவை இயமமும் நியமமும். இயமத்தில் முதலாவது அகிம்சை. நியமத்தில் முதலாவது தூய்மை. அகிம்சை என்றால் எறும்பை மிதிக்காமல் இருப்பது மட்டுமா? நம் முழங்காலும் ஓர் உயிரின் முழங்கால்தானே! பக்கத்து வீட்டு மாமி குனிந்து தரையைத் தொடுகிறார் என்பதற்காக நாமும் வெடுக்கென்று குனிவது ஹிம்சை. இழுப்பு தெரியும்வரை போகலாம். வலி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. முதுகுவலி, ரத்த அழுத்தம் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இடம்? 'எங்க ஃப்ளாட்டில் அதற்கெல்லாம் ஏது இடம்?' என்று கவலைப்படாதீர்கள். பூச்சி பொட்டு இல்லாத, சாணம் மெழுகிய சின்ன அறையைத்தான் ஹடயோகப் பிரதீபிகையும் கேட்கிறது. ஒரு பாய் அகலம் போதும். ஈரமில்லாமல் துடைத்து, ஜன்னலைத் திறந்து, வழுக்காத விரிப்பைப் போடுங்கள். தளர்வான உடை, காலி வயிறு. செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் கண்மூடி, பூஜைக்குச் செய்வதுபோல் ஒரு சங்கல்பம்: 'இந்த இருபது நிமிஷம் இந்த உடம்புக்கு.' ஒன்று மட்டும்... குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்காராதீர்கள். காலை நீட்டினாலும் காது விசிலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்!