பற்றாத வண்டியின் பக்கத்தில்

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் கை தானாக மறுபடியும் சாவிக்குப் போகும். போக விடக் கூடாது. திரும்பத் திரும்ப அடித்தால் பேட்டரிதான் இறங்கும். கொஞ்ச நேரம் சும்மா இருப்பதும் வேலைதான்.

*

சாவியைப் பாதி திருப்பி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு விநாடி ஒரு ரீங்காரம் வரும். டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்ப் பெட்ரோலை முன்னே தள்ளும் சத்தம் அது. கேட்கவில்லையா, முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகு வயர், கடைசியில்தான் பம்ப். சில ரூபாய் சாமானைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் சாமானைக் கழற்றுவது அநியாயம்.

பம்ப்பைக் குளிர வைப்பதும் அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் போவது அதனால்தான்.

*

தீ எதனால் பற்றுகிறது என்பதைப் பட்டாசு செய்யும் வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிவதற்கான ஆக்சிஜன் வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினுக்கு அது வெளிக்காற்றிலிருந்து வர வேண்டும்: ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. பெட்ரோல் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் கூடிவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

*

அம்பாசிடர், ஃபியட் காலத்து அக்னி நட்சத்திர வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். அப்போது எஞ்சின் பக்கத்திலேயே இருந்த பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் காத்திருப்பார்கள். அதுவே வைத்தியம்.

*

தீபாவளி கழிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். வண்டிகளும் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் வேறு. 2023 முதல் பங்க்குகளுக்கு வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பிரியம். காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாமல் மழைத்தண்ணீரும் இறங்கினால், ஓர் அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. மெக்கானிக்கிடம் சொல்லி, திறந்த வெளியில், கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் அடியில் தனிப்படலம் தெரியும். தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்து கழுவுவது தவிர வேறு வழியில்லை.

கலந்த மருந்தை மறுநாளைக்கு மீத்து வைக்கக் கூடாது என்பது ஆலை ஒழுக்கம். நெடுநாள் நிற்கப்போகும் வண்டி விஷயத்திலும் அந்த ஒழுக்கம் வேண்டும். ஊருக்குப் போகுமுன் டேங்க்கை நிரப்பி, மூடியை இறுக்கிவிட்டுப் போவது நல்லது. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

*

மருந்து அறைக்குள் போகும் தொழிலாளி செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் வேலையில் உட்காருகிறார். அவ்வளவு கவனமுள்ள கை, ரோட்டோரத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது ஏன் தளர வேண்டும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வண்டி பிடிக்கவில்லை என்று ஏர் ஃபில்டரைத் திறந்து பெட்ரோலை ஊற்றிச் செல்ஃப் அடிக்காதீர்கள், யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும். ஆலை வாசலிலோ ஷெட்டு ஓரத்திலோ நின்றுபோனால், நாலு பேரைக் கூப்பிட்டுத் தூரமாகத் தள்ளிக்கொண்டு போய் வைத்த பிறகு பானட்டைத் திறங்கள்.